கடைக்கு உரிமம், வாங்குபவருக்கு என்ன?

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒருவர் டிபன் கடை திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சியிடம் அவர் ட்ரேட் லைசென்ஸ் எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனியாக ஒரு பதிவு. கடைகள் சட்டத்தின்படி தொழிலாளர் துறையில் இன்னொரு பதிவு. இனிப்பு, காரம் என்று நிறுத்து விற்பதானால் தராசுக்கு எடையளவுத் துறையின் முத்திரை. இத்தனையும் முடிந்து கடை நடக்கத் தொடங்குகிறது. நாளை அங்கே ஒருவருக்கு எடை குறைந்தால், சாப்பிட்டது வயிற்றுக்கு ஒவ்வாமல் போனால், பில்லில் கூடுதலாகப் பிடித்தால், அவர் ஏற வேண்டிய படிகளும் இப்படித்தான் திசைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. கடை ஒன்று, கேட்கும் அலுவலகங்கள் பல. ஓரிடத்தில் நிரூபணமான தவறு, அடுத்த ஆண்டு உரிமத்தைப் புதுப்பிக்கும் மேசைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஹைதராபாத்தின் உரிம முறையை எடைபோடும்போது இந்த இடைவெளியைத்தான் மையமாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. உரிமம் தரும் வேலை வணிகருக்கு எளிதாகியிருக்கிறது. அதை மனதாரப் பாராட்டலாம். ஆனால் உரிமம் என்பது வணிகருக்கும் மாநகராட்சிக்கும் இடையிலான கணக்கு மட்டும் அல்ல. கடைக்குள் நுழைபவருக்கு நகரம் தரும் ஒரு உறுதிமொழியும் அதில் இருக்கிறது. அந்த இரண்டாம் பாதி வளரவில்லை.

இதைப் பேசுவதற்கு ஏ.எஸ்.ராவ் நகர் பொருத்தமான இடம். இந்திய மின்னணுக் கழகம் எனப்படும் இ.சி.ஐ.எல். 1967இல் தொடங்கியபோது அதை உருவாக்கி நடத்தியவர் ஐயகாரி சாம்பசிவ ராவ். அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரே வாய்த்தது. வீடுகளுக்கென்று வகுத்த மனைகள் அவை. பிறகு பிரதான சாலையில் வீட்டின் தரைத்தளம் கடையாயிற்று, மேல்தளம் பயிற்சி மையமாயிற்று. ராதிகா சந்திப்பிலிருந்து இ.சி.ஐ.எல். சந்திப்பு வரை துணிக்கடை, நகைக்கடை, பேக்கரி, செல்போன் கடை, மருந்துக்கடை என்று நெருங்கி நிற்கின்றன. 2007 ஏப்ரல் 16 அன்று, இந்தப் பகுதி அடங்கிய காப்ரா உள்ளிட்ட 12 நகராட்சிகளைப் பழைய ஹைதராபாத் மாநகராட்சியோடு இணைத்துப் பெருநகர மாநகராட்சியை அமைத்தார்கள். நகரம் 150 வார்டுகளாக இருந்த காலத்தில் ஏ.எஸ்.ராவ் நகரின் வார்டு எண் 2. ஒரு தலைமுறைக்குள் குடியிருப்பு கடைத்தெருவாகிவிட்ட இத்தகைய பகுதிகளில்தான் உரிம முறையின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும்.

முதலில் பலம். கட்டணத்தைக் கணக்கிடும் முறை வெளிப்படையானது. கடையின் பரப்பையும் முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தையும் பார்க்கிறார்கள். 20 அடிக்குக் குறைந்த சாலையானால் சதுர அடிக்கு 3 ரூபாய். 20 முதல் 30 அடி வரை 4 ரூபாய். அதற்கு மேல் 6 ரூபாய். உள்தெருவில் 200 சதுர அடிக் கடைக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். அதே அளவு கடை பிரதான சாலையில் இருந்தால் 1,200 ரூபாய். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு. அதிகாரியின் மனம்போல் ஏற்றவோ இறக்கவோ இதில் இடமில்லை. இணையவழி விண்ணப்பித்தால் தற்காலிகச் சான்றிதழை உடனே பெறலாம். தாமதத்துக்கான அபராதமும் முன்கூட்டியே தெரிந்ததுதான்: சனவரி இறுதிக்குள் புதுப்பித்தால் அபராதம் இல்லை, பிப்ரவரி, மார்ச்சில் 25 விழுக்காடு, அதன்பின் 50 விழுக்காடு. உரிமமே இல்லாமல் நடத்தினால் கட்டணத்துக்குச் சமமான தொகையை அபராதமாகக் கட்ட வேண்டும். ஒரு கையெழுத்துக்காக அலுவலக வாசலில் பழிகிடந்த தலைமுறை வணிகர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பலவீனமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. இந்த உரிமத்துக்கு வேர் 1955ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடைமைக்கோ ஆபத்தான, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரக்கூடிய தொழில்களை அனுமதியின்றி நடத்தக்கூடாது என்பதே அதன் 521ஆம் பிரிவின் நோக்கம். சட்டம் கேட்ட கேள்வி, “இந்தத் தொழிலால் யாருக்கு என்ன ஆபத்து?” கட்டணப் பட்டியல் கேட்பதோ, “எத்தனை சதுர அடி, எத்தனை அடிச் சாலை?” நோட்டுப்புத்தகம் விற்கும் கடையும், பின்கட்டில் எரிவாயு உருளைகளை அடுக்கி வைத்திருக்கும் உணவகமும் ஒரே சாலையில் ஒரே பரப்பில் இருந்தால் ஒரே தொகை. வருவாய்க்கு இந்த அளவுகோல் போதும், பாதுகாப்புக்குப் போதாது.

போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் கண்டிருக்கிறது. 2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனையகமும் மேலே ரூபி தங்கும் விடுதியும் இருந்த கட்டடத்தில் தீப்பற்றியது. கீழிருந்து எழுந்த புகை மேல்தளங்களை நிறைத்தது. 8 பேர் இறந்தார்கள். அடுத்த மார்ச்சில் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் இன்னொரு தீ, 6 பேர். மின்கலங்கள் அடுக்கிய கடையையும் அந்நியர்கள் உறங்கும் அறைகளையும் ஒரே படிக்கட்டில் இணைக்கலாமா என்பது பரப்பளவு பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. ஏ.எஸ்.ராவ் நகரில் வீட்டுக்காக எழுப்பிய மாடிகளில் மாணவர்கள் நிறைந்த வகுப்புகள் நடக்கின்றன, கீழே அடுப்புகள் எரிகின்றன. அங்கும் இதே கேள்வி நிற்கிறது.

இனி வாங்குபவரின் பக்கம். சட்டங்களுக்குக் குறைவில்லை. 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் இருக்கிறது. மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். 2018 ஆகஸ்ட் முதல் தெலங்கானா எடையளவுத் துறை மல்டிபிளெக்ஸ்களில் தின்பண்டங்களின் விலையையும் அளவையும் எழுதி வைக்கச் செய்தது. ஒரே தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே ஒரு எம்.ஆர்.பி., உள்ளே ஒரு எம்.ஆர்.பி. என்ற வழக்கத்தின்மேலும் கைவைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் மாநில நகராட்சி நிர்வாகத் துறை வெளியிட்ட 63ஆம் எண் அரசாணை, மால்களிலும் மல்டிபிளெக்ஸ்களிலும் முதல் 30 நிமிட வாகன நிறுத்தத்தை இலவசமாக்கியது. பொருள் வாங்கிய பில்லைக் காட்டினால் சலுகை நீளும். மீறிய இடங்களுக்கு மாநகராட்சியின் அமலாக்கப் பிரிவு அபராதம் விதித்தது. பின்னாளில் தனித்திரையரங்குகளுக்கு இதில் தளர்வு வந்தாலும், உரிமம் தரும் அமைப்பே நுகர்வோர் பக்கம் நின்று விதியை அமல்படுத்த முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

உணவுத் துறையிலும் அப்படி ஒரு எழுச்சி வந்தது. 2024 ஏப்ரலிலிருந்து மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரின் தனிப்படை ஹைதராபாத் உணவகங்களில் தொடர்ந்து சோதனை நடத்தி, கண்டதைப் பெயரோடும் படத்தோடும் சமூக ஊடகத்தில் வெளியிட்டது. காலாவதியான பொருள்கள், மூடாத குப்பைத் தொட்டிகள், லேபிள் இல்லாத பொட்டலங்கள் எல்லாம் பொதுவெளிக்கு வந்தன. அந்த அக்டோபர் இறுதியில், வேகாத முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை வந்தது; 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அதே வழியில் போயிற்று. பெரிய உணவகம், பெயர்பெற்ற பேக்கரி என்று தயங்காமல் உள்ளே போன துணிவைப் போற்ற வேண்டும்.

ஆனால் சோதனை முடிந்த பிறகு என்ன? ஒரு கடையின் குறைகளைப் படம்பிடித்துப் போட்டபின் அது திருந்தியதா என்ற தகவல் அதே வெளிச்சத்தில் வருவதில்லை. திருந்திய கடைக்கு நேர்ந்த அவமானம் இணையத்தில் தங்கிவிடுகிறது. திருந்தாத கடை பரபரப்பு அடங்கியதும் பழையபடி நடக்கிறது. இரண்டுமே அநீதி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சுகாதார மதிப்பீட்டுத் திட்டம் இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியதுதான்; அதில் சேர்வது கடைக்காரரின் விருப்பம் என்று விட்டிருப்பதால், சோதிக்கப்பட வேண்டிய கடை வெளியே நின்றுவிடலாம்.

பணம் எங்கே போகிறது என்பது அதைவிட ஆழமான குறை. எடை குறைந்ததற்காகத் துறை விதிக்கும் சமரசத் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. 100 கிராம் குறைவாக வாங்கிப்போனவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. இழப்பீடு வேண்டுமானால் அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆணையம் அருமையான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், இணையவழியும் உண்டு. ஓட்டைக் குளிர்பதனப் பெட்டிக்கும் ஒப்படைக்காத அடுக்குமாடி வீட்டுக்கும் அது உதவும். 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தவர் அங்கே போகமாட்டார். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், 40 ரூபாய்க்கு மூன்று மாதமே அதிகம். ஆனால் ஒரு கடையில் நாளொன்றுக்கு நூறு பேரிடம் 40 ரூபாய் போனால் அது சிறிய தொகை அல்ல. பலரிடம் சிறுகச் சிறுகப் பறிபோவதைத் தடுக்க நீதிமன்றம் போன்ற அமைப்பு பொருந்தாது. அன்றாடம் கடைத்தெருவைப் பார்க்கும் நிர்வாக அமைப்புதான் வேண்டும்.

அதற்கான அதிகாரம் இந்தியாவில் இருக்கிறது. இருக்கும் இடம்தான் தொலைவு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் உருவான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தனி ஒருவரின் வழக்குக்காகக் காத்திராமல் வாங்குபவர்கள் அனைவருக்காகவும் நடவடிக்கை எடுக்கலாம். உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலையில் அது நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அந்த ஆணையம் இருப்பது டெல்லியில். மாவட்ட ஆட்சியர் விசாரித்து அறிக்கை அனுப்பலாம் என்று சட்டம் வழிவிட்டும், 1915 என்ற உதவி எண் இருந்தும், காப்ரா வட்டார அலுவலகத்தில் உரிமம் புதுப்பிக்கும் மேசைக்கும் இவற்றுக்கும் பாலம் இல்லை.

வேறு வழி உண்டா என்று கேட்டால் நியூயார்க் நகரத்தைப் பார்க்கலாம். 1969 முதல் அங்கே ஒரே நகரத் துறை உரிமமும் தருகிறது, நுகர்வோர் புகாரையும் விசாரிக்கிறது. இன்று 40க்கு மேற்பட்ட தொழில்களில் சுமார் 45,000 நிறுவனங்கள் அதன் உரிமத்தில் நடக்கின்றன. புகார் வந்தால் வணிகரோடு பேசி வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரவைக்கிறது. உரிமம் தன் கையில் இருப்பதால் அதன் பேச்சுக்கு வலு இருக்கிறது. அதே நகரம் அந்த வழியின் ஆபத்தையும் காட்டுகிறது. தெருவோர வியாபாரிகளுக்கான பொது உரிமங்களைப் பல பத்தாண்டுகள் 853 என்ற எண்ணிக்கையில் நிறுத்தி வைத்தது. விளைவாக ஏழைப் புலம்பெயர்ந்தோர் உரிமமின்றி விற்று அபராதம் கட்டினார்கள். சிறு கடைகள்மேல் அபராதம் மிகுந்துவிட்டது என்பது அங்கே மேயர் தேர்தலில் பேசும் விஷயமாகவே ஆயிற்று.

ஆகவே எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. உரிமத்தைப் புகாரோடு கட்டினால் வட்டார அலுவலருக்கு ஒரு புதுச் சாட்டை கிடைக்கும். புகார் என்ற பெயரில் மாமூல் கேட்பார்கள். பெரிய ஷோரூம் வழக்கறிஞரை வைத்துத் தப்பிக்கும், மிதிபடுவது கிரானா கடைக்காரர்தான். இந்த அச்சத்துக்கு வரலாற்றில் போதிய ஆதாரம் உண்டு. அதனால்தான் வரம்புகள் தெளிவாக இருக்க வேண்டும். நிலுவையில் உள்ள புகாரை உரிமத்தோடு சேர்க்கக் கூடாது. உரிய துறையோ ஆணையமோ இறுதி உத்தரவு போட்டு, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்தவற்றை மட்டும் சேர்க்கலாம். அப்போதும் உரிமத்தை நிறுத்துவது கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். உத்தரவை நிறைவேற்றிவிட்டால் புதுப்பிப்பு தடையின்றி நடக்க வேண்டும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் தனிப் பாதுகாப்பில் உள்ள தெருவோர வியாபாரிகளை இந்தச் சுமைக்குள் இழுக்கவே கூடாது.

இந்த வரம்புகளோடு மூன்று மாற்றங்கள் வேண்டும். கட்டணத்துக்கு இப்போதைய கணக்கே இருக்கட்டும். சோதனையை மட்டும் தொழிலின் ஆபத்தை வைத்து வகுக்க வேண்டும். நோட்டுக்கடைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். அடுப்பும் மின்கலமும் கூட்டமும் உள்ள இடங்களுக்கு ஆண்டுதோறும், தீயணைப்புத் துறையோடு சேர்ந்து போக வேண்டும். இரண்டாவது, கடை வாசலில் ஒரு பலகை: உரிம எண், தராசு முத்திரையின் தேதி, கடைசி உணவுச் சோதனையின் முடிவு, குறை திருத்தப்பட்ட நாள், புகார் எண். தெலுங்கில் முதலில், பிற மொழிகளில் அடுத்து. மூன்றாவது, அபராதத்தைக் கருவூலம் வாங்கும் அதே உத்தரவில், புகார் சொன்னவர் இழந்ததைத் திருப்பித் தரும்படியும் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவதற்கு மட்டும் சட்டத் திருத்தம் தேவைப்படலாம்.

மற்றவற்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உரிமத்துக்கு நிபந்தனை விதிக்க மாநகராட்சிக்கு இன்றே அதிகாரம் இருக்கிறது. முத்திரை காலாவதியாகாத தராசு, செல்லுபடியாகும் உணவுப் பதிவு, நிறைவேற்றப்பட்ட இறுதி உத்தரவுகள் என்ற மூன்றையும் அந்த நிபந்தனைகளில் எழுதிவிடலாம். கட்டணத்தையும் அபராதத்தையும் நாள் தவறாமல் கணக்கிடும் கணினி, இந்த மூன்றையும் சரிபார்க்கும். பணம் வசூலிப்பதில் இவ்வளவு ஒழுங்கைக் கொண்டுவந்த நிர்வாகத்தால் இது முடியாது என்று நான் நம்பவில்லை. வணிகரிடம் காட்டிய அக்கறையை வாங்குபவரிடமும் காட்டும் நாளில்தான் அந்த உரிமம், 1955ஆம் ஆண்டுச் சட்டம் எதற்காக அதைப் படைத்ததோ அந்த வேலையைச் செய்யும்.