கைகளுக்கு வேலை குறைவு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது பைக்ஸ் பீக் மலை. இன்று உச்சிவரை தார் போட்டுவிட்டார்கள். 1988இல் அது மண் பாதை, பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே இல்லாத பாதை. அந்த ஆண்டு பின்லாந்துக்காரர் அரி வத்தனென் தன் பெஜோ 405 காரை 10 நிமிடம் 47 நொடியில் உச்சிக்கு ஏற்றிச் சாதனை படைத்தார். அதை வைத்து எடுத்த ‘கிளைம்ப் டான்ஸ்’ என்ற குறும்படத்தில் ஒரு காட்சி வரும். எதிர்வெயில் முகத்தில் அடிக்கிறது. வத்தனென் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொள்கிறார். மற்றக் கையால் மட்டும் ஓட்டம் தொடர்கிறது, பள்ளத்தின் விளிம்பில், அதே வேகத்தில்.

பார்த்தவர்கள் எல்லாம் அவர் துணிச்சலைப் புகழ்கிறார்கள். புகழட்டும். எனக்கு அந்தக் காட்சி ராலி என்ற கார்ப் பந்தய ஓட்டத்தின் இலக்கணத்தையே சொல்வதாகத் தோன்றும். இந்தக் கலையில் கைகளுக்கு வேலை குறைவு. காரைத் திருப்புவது அதன் பாரம். பாரத்தை இடம் மாற்றுவது கால்கள்.

இதைச் சொல்லித்தரவே பள்ளிகள் இருக்கின்றன. சியாட்டில் நகருக்குக் கிழக்கே ஸ்னோகுவால்மி என்ற சிற்றூரில் உள்ள டர்ட்ஃபிஷ் அவற்றில் பெயர்பெற்றது. வெயர்ஹவுசர் நிறுவனத்தின் பழைய மர ஆலை வளாகத்தில் நடக்கிறது. ‘ட்வின் பீக்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் ஸ்டேஷனாக வந்த கட்டடம்தான் பள்ளியின் அலுவலகம். மரத்தடிகளைக் குவித்த களத்தில் இப்போது சரளையும் சேறும். ஓட்டத் தருவது சுபாரு கார்கள்.

காலையில் உட்காரும் முறையிலிருந்தே பாடம் தொடங்குகிறது. முதுகு இருக்கையோடு ஒட்டவேண்டும். கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கவேண்டும். உடம்பைக் காரோடு இப்படி இறுக்கிவைப்பதற்குக் காரணம் உண்டு. பின்சக்கரம் நழுவத் தொடங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது வட்டமடிப்பது. கூம்புகளைச் சுற்றி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கார் சொன்னபடி கேட்காமல் வெளிப்பக்கமாக விலகும். பழகாத கை ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்கப் பார்க்கும். பலன் இருக்காது. முன் டயரின் பிடி ஏற்கெனவே தீர்ந்துபோயிற்று. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்வார். எடுத்ததும் காரின் மூக்கு தாழ்கிறது, பாரம் முன்னால் வந்து டயரை மண்ணில் அழுத்துகிறது, ஸ்டீயரிங்கைக் கூடுதலாக ஒடிக்காமலே கார் உள்ளே திரும்புகிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் படித்து லைசென்ஸ் வாங்கிய நம் போன்றவர்களுக்கு இது வேறு உலகம். நாம் பிரேக்கை நிறுத்துவதற்கென்று கற்றோம். ராலியில் அது பாரத்தை முன்னால் தள்ளித் திருப்புவதற்கும்தான்.

நிறுத்துவதிலும் மண்ணுக்குத் தனி நியாயம். சரளையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், டயருக்கு முன்னால் கற்கள் ஆப்பு மாதிரி குவிந்து வண்டியை நிறுத்த உதவும். தார்ச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து நம்மைக் காப்பாற்றும் ஏபிஎஸ் அந்தக் குவியலைச் சேரவே விடாது. ஆகவே சரளையில் கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும்.

இந்த வித்தையின் உச்சம் இடது கால் பிரேக். ஸ்வீடனின் எரிக் கார்ல்சன் 841 சிசி எஞ்சின் பூட்டிய சின்ன சாப் 96 காரில் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை 1960 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 1962, 1963இல் மான்டி கார்லோ ராலியும் அவருடையது. அது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். வேகம் ஒருமுறை இறங்கிவிட்டால் மறுபடி ஏறச் சோம்பும். அதனால் ஆக்சிலரேட்டரில் வைத்த வலது காலை எடுக்கவே கூடாது. வளைவு வந்தால் இடது கால் பிரேக்கைத் தொடும். முன்சக்கரங்களை எஞ்சின் இழுத்துக்கொண்டே இருப்பதால் அவை பூட்டிக்கொள்ளாது. பிரேக்கின் கடுமை பின்சக்கரங்களில் தெரியும். பின்பகுதி வழுக்கி வெளியே வீச, மூக்கு தானாக வளைவுக்குள் நுழையும். சக்தி குறைந்த வண்டியின் வறுமையிலிருந்து பிறந்த உத்தி இது. இதையே மினி கூப்பரில் செய்துகாட்டிய டிமோ மாக்கினென் 1965 மான்டி கார்லோவைப் பனிப்புயலுக்கு நடுவே வென்றார். ஜெர்மனியின் வால்ட்டர் ரோல் ஆடி குவாட்ரோவை ஓட்டும்போது அவர் பாதங்களை மட்டும் படமெடுத்த பழைய காட்சி ஒன்று உண்டு. மூன்று மிதிகளின் மேல் இரண்டு கால்கள் இடம் மாறுகிற வேகத்தில், எந்தக் கால் எதை மிதிக்கிறது என்று பிரித்தறிவதே சிரமம்.

பள்ளியில் நான் மிகவும் ரசித்தது பெண்டுலம் திருப்பம். ஸ்காண்டிநேவிய ஓட்டுநர்கள் பனியிலும் மண்ணிலும் பழக்கிய முறை. ஒரு வலது வளைவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வளைவுக்கு வெகுமுன்பே ஸ்டீயரிங்கைச் சட்டென்று இடப்பக்கம் ஒடிக்கிறார். கூடவே பிரேக்கை ஒரு தட்டு. காரின் உடல் வலப்பக்கம் சாய்கிறது, பின்பகுதி அந்தப் பக்கமே ஒதுங்குகிறது. வண்டி முழுசாக வேறு திசையைப் பார்த்து நிற்கிற அந்த நொடியில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் விடுகிறார். சாய்ந்து கிடந்த பாரமெல்லாம் மறுபக்கம் பாய்கிறது, பின்பகுதி இடப்பக்கம் வீசி வருகிறது, மூக்கு வளைவின் உள்முனையைப் பார்த்துவிடுகிறது. இனி ஆக்சிலரேட்டர்தான். ஊஞ்சலில் முன்னே போகிறவர் முதலில் பின்னே உந்துகிற கணக்கு. வளைவை எட்டும்போது திருப்பம் முடிந்தே போயிருக்கிறது.

பாரத்தை முன்கூட்டியே நகர்த்தவேண்டும் என்றால், வளைவு கண்ணில் படும் முன்பே அதை அறிந்திருக்கவேண்டும். கோ-டிரைவர் என்ற மனிதர் அங்கேதான் தேவைப்படுகிறார். 1955இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்தில் பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன் உட்கார்ந்திருந்தார். சுமார் ஐந்தரை மீட்டர் நீளக் காகிதச் சுருளில் பாதைக் குறிப்புகள். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது என்பதால் கையசைவிலேயே வளைவுகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏறக்குறைய 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடத்தில் முடித்து வென்றார்கள். இன்று ஹெல்மெட்டுக்குள் மைக் இருக்கிறது. வளைவின் கடுமைக்கு எண், பள்ளம் மேட்டுக்கு ஒரு சொல். ஒரு வளைவில் வண்டி சறுக்கும்போதே கோ-டிரைவரின் வாய் அடுத்ததைப் படித்துக்கொண்டிருக்கும். பின்லாந்தின் ஔனின்போயா பாதையில் மேடுகள் காரையே ஆகாயத்தில் தூக்கியெறியும். நான்கு சக்கரமும் தரையில் இல்லாதபோது ஸ்டீயரிங் என்ன செய்யும்? விழப்போகிற திசையை எழும்பும் முன்பே தீர்மானித்திருக்கவேண்டும்.

ரசனையில் இரு கட்சி உண்டு. வண்டியைக் குறுக்கே போட்டு ஓட்டும் பின்லாந்து பாணிக்குத்தான் கைத்தட்டல் அதிகம். 2004 முதல் 2012 வரை ஒன்பது உலகப் பட்டங்களை வரிசையாக எடுத்த செபாஸ்டியன் லோப், இளமையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பிரெஞ்சுக்காரர். அவர் ஓட்டத்தில் வீண் அசைவே இருக்காது. கொஞ்சம் அலுப்பூட்டுகிறது என்றுகூடச் சிலர் சொல்வார்கள். நான் லோப் கட்சி. தேவையான அளவு மட்டும் சறுக்குவது அதிகம் சறுக்குவதைவிடக் கடினம்.

இந்தக் கால் வித்தையைப் பார்க்க சியாட்டிலுக்கோ பின்லாந்துக்கோ போகவேண்டியதில்லை. கோவை ராலி நடக்கும்போது பல்லடம் பக்கம் கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு நடுவே உள்ள மண் பாதைகளுக்குப் போகலாம். கூட்டமெல்லாம் வளைவின் ஓரத்தில் புழுதி குடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள், ஒரு மேட்டில், வளைவுக்கு முந்தைய நேர்ப்பாதை தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். பின்விளக்கைக் கவனியுங்கள், காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும்போதும் எஞ்சின் சத்தம் இறங்காமல் இருந்தால் உள்ளே இடது கால் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாலையில் நேரப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.