புறநானூற்றில் இழப்பின் மூன்று பருவங்கள்

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் இழவையும் ஒன்றாக வைத்தார். ஆயினும், இழவைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள் அனைத்திலும் அழுகுரலே ஒலிக்கும் என எண்ணுவது பொருந்தாது. உறவை இழந்த மகளிரின் குரலில் அமைந்த மூன்று பாடல்களை ஒருங்கு வைத்து நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

வன்பரணரின் 255ஆம் பாடல், இழப்பு நேர்ந்த அப்பொழுதுக்கே உரியது. கணவன் வீழ்ந்து கிடக்கின்றான். வாய்விட்டு அலறினால் புலி வருமோ என்னும் அச்சம். அணைத்துத் தூக்கவோ வலிமை இல்லை. ஆகவே, தன் வளைக்கையைப் பற்றி மலைநிழல் வரை மெல்ல நடக்குமாறு அவனையே வேண்டுகின்றாள் மனைவி. கணவனுக்கு இது செய்த கூற்றுவன் தன்னைப் போலவே நடுங்குக என்றும் அவள் கூறுகின்றாள். எனவே, அவள் இறப்பை அறியாதவள் அல்லள். அறிவு அறிந்துவிட்டதை உள்ளம் இன்னும் ஒப்பவில்லை, அவ்வளவே.

பாரி மகளிரின் 112ஆம் பாடல், ஒரு திங்கள் கடந்தபின் எழுவது. ஐந்தே அடிகள், அவற்றுள் கண்ணீர் என்னும் சொல்லே இல்லை. சென்ற திங்களைக் கூறுங்கால் தந்தையை முன்னும் குன்றைப் பின்னும் வைத்தவர்கள், இத்திங்களைக் கூறுங்கால் வரிசையை மாற்றுகின்றனர். குன்று போனதை முதலில் சொல்லித் தந்தை இல்லாமையை இறுதியில் வைக்கின்றனர். சொல்ல அஞ்சிய செய்தி கடைசியாகவே வாயினின்று வெளிப்படுகின்றது.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாடலில் துயர் அன்றாட வாழ்வாகவே ஆகிவிட்டது. இளமையில் தழையாடையாகப் பயன்பட்ட ஆம்பல், கணவன் மறைந்தபின், வேளை தவறி உண்ணும் புல்லரிசியாகின்றது. அவள் தனக்கு இரங்காமல் ஆம்பலுக்கே இரங்குகின்றாள். இக்கைம்மை நோன்பைக் கற்பின் பெருமையாக மட்டும் விளக்கும் உரை பாடலுக்கு நீதி செய்யாது. வழக்கத்தின் கொடுமையும் அந்த உணவில் அடங்கியுள்ளது.

மூன்றும் பொதுவியல் திணை. துறை முறையே முதுபாலை, கையறுநிலை, தாபதநிலை. இவற்றை மாணவர் அறிதல் வேண்டும். ஆயின், தேர்வின்பொருட்டுத் துறைப்பெயரை ஒப்பிக்கச் செய்வதோடு பாடம் முடிந்துவிடலாகாது. அண்மையில் தந்தையை இழந்த மாணவன் ஒருவன் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கக்கூடும். ஆறுதல் மொழிகளை அவன் நிரம்பக் கேட்டிருப்பான். தன் துயரைத் தனக்கே எடுத்துரைக்கும் மொழியைக் கேட்டிருத்தல் அரிது. பாரி மகளிரின் ஐந்தடிகளை ஆசிரியர் விரையாமல் ஒருமுறை படித்துக் காட்டுவாராயின், அம்மொழி அவனுக்குக் கிட்டும். விளக்கம் அதற்குப்பின் வரலாம்.