அரசியின் கைகள் யாருடையவை?

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரண்மனை ஓவியங்கள் இன்று மலிவான அச்சுப் படங்களாகக் கடைக்கு வந்துவிட்டன. பட்டும் முத்தும் அணிந்த சீமாட்டி நடுத்தர வீட்டுச் சுவரில் வீற்றிருப்பது இனிப் புதுமையல்ல. நுவரெலியாவில் அத்தகைய படமொன்றை மாட்ட விரும்புவோர்க்குப் பிரகன்சாவின் கதரீனைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

போர்த்துக்கேய இளவரசியான இவர் 1662இல் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரை மணந்தார். பம்பாய் இவருடைய சீதனத்தில் ஒரு பகுதி. தேயிலை அதற்கு முன்பே இலண்டனில் விற்கப்பட்டது உண்மையே; ஆயினும் தேநீர் அருந்துவது அரசவையின் நாகரிகமானதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அரசவையின் நாகரிகம் காலப்போக்கில் உலகச் சந்தையாயிற்று. 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது அச்சந்தை நம் மலைகளையும் பற்றிக்கொண்டது.

அரசியை வரைந்தோருள் அரசவை ஓவியர் பீற்றர் லீலி முதன்மையானவர். அவருடைய ஆற்றலை மறுப்பது விமரிசனமாகாது. பட்டு மடிப்பில் ஒளியைத் தவழவிடும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஆனால் அக்காலத்து ஓவியக்கூடம் ஒரு தொழிற்சாலை. முகத்தை லீலி தீட்டுவார். ஆடையும் பின்னணியும் பெரும்பாலும் உதவியாளரின் உழைப்பு. முதலாம் சார்ல்ஸின் ஓவியரான வான் டைக்கோ, கூலிக்கு அமர்த்திய ஆண் பெண்களின் கைகளைப் பார்த்தே பிரபுக்களின் கைகளை வரைந்தார் என்பது அவர் கூடத்தை அறிந்தோர் கூற்று. உழைத்துப் பிழைத்தவர்களின் விரல்கள் உழைப்பறியாச் சீமாட்டியரின் விரல்களாகச் சட்டத்துள் அமர்ந்தன! முகத்துக்குப் பெயருண்டு, கைக்குப் பெயரில்லை.

இதே நியாயம் நம் மண்ணிலும் நடக்கவில்லையா? தேயிலைப் பொதியில் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணைப் பாருங்கள். இங்கே முகமே உண்டு, அதற்கும் பெயரில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. படத்துக்கு வேண்டப்பட்டவள் பதிவேட்டுக்கு வேண்டாதவளானாள். பிற்காலச் சட்டங்கள் குடியுரிமையை மீட்டளித்தன. லயத்து வாழ்வோ இன்னும் முற்றாக நீங்கவில்லை.

ஆகவே அரசியின் படத்தைக் கழற்றி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அழகு எவருடைய தனிச் சொத்துமன்று. ஆனால் அதைப் பார்க்கும் மாணவன் முகத்தோடு நின்றுவிடாமல், கைகளையும் பார்க்கப் பழகவேண்டும். ஆசிரியர் அதைக் கற்பிக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தன் பெயரோடும் தன் கைகளோடும் தீட்டிய சித்திரம் அதே சுவரில் ஏறும் நாளில்தான், அந்த அரசியையும் நாம் வெறும் ஓவியமாக ரசிக்க முடியும்.