நான்கு சக்கரமும் இழுக்க

சமண மடமும் பார்சுவநாதர் கோயிலும் உள்ள மேல்சித்தாமூர்ப் பக்கம், ஐப்பசிச் சேற்றிலிருந்து பழைய மகிந்திரா ஜீப் நான்கு சக்கரமும் இழுக்க வெளியேறுவதைப் பார்க்க வேண்டும். அந்த இழுவை, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளில் உள்ள கிராஸ்களின் ஆரோக்கியத்தில் இருக்கிறது. கிராஸில் உள்ள கிரீஸ் நிப்பிளைத் துடைத்து, கிரீஸ் கன்னைப் பொருத்தி அழுத்துங்கள். முதலில் சேறு கலந்த கறுப்பு வரும். பிறகு நான்கு சீல் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும். அது தனிச் சுகம், மெக்கானிக்குக்கு ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் மாற்றும்போது, ஊற்றும் பிளக் கழலுகிறதா என்று பார்த்துவிட்டே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். இல்லையேல் வடித்துவிட்டு முழிக்க வேண்டியதுதான்.

தார் ரோடு ஏறியதும் முன்சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இழுவையை எடுக்காமல் ஓட்டினால் டயரும் கியரும் தேயும்.