மங்கிய எல்.இ.டி. விளக்கும் ரெசிஸ்டர் வைத்தியமும்

எல்.இ.டி. டிரைவரின் வேலை, விளக்குக்கு ஏறாமல் இறங்காமல் ஒரே அளவு மின்னோட்டம் தருவது. அது குறைந்தால் விளக்கு அணையாது, மங்கும். நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் இந்த மங்கல் வருமானத்தைத் தொடும். முட்டையிடும் பருவத்தில் பகல் வெளிச்சத்தையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வரை கோழிக்கு ஒளி வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி விசைத்தறிப் பட்டறைகளிலோ, இரவில் அறுந்த இழையைக் கண்டு முடிச்சுப் போடும் அளவுக்கு வெளிச்சம் தேவை. மங்கிய விளக்குகளுக்குக் கடைகளில் கையாளப்படும் குறுக்குவழி, மின்னோட்ட அளவைத் தீர்மானிக்கும் சென்ஸ் ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு ஓம் குறைந்த ஒன்றை வைப்பது.

இந்த வழியில் நியாயம் உண்டு. டிரைவர் சிப் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. இந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே எழும் மின்னழுத்தத்தையே பார்க்கிறது. காயில் வைத்த ஒரு வகை டிரைவரில் அதன் உச்ச வரம்பு 0.4 வோல்ட். ‘3ஆர்9’ என்று பொறித்த, அதாவது 3.9 ஓம் கொண்ட இரண்டு ரெசிஸ்டர்கள் பக்க இணைப்பில் இருந்தால் மொத்தம் 1.95 ஓம், உச்ச மின்னோட்டம் சுமார் 205 மில்லிஆம்பியர். எல்.இ.டி.க்குக் கிடைக்கும் சராசரி அதில் பாதி, ஏறத்தாழ 100. இரண்டில் ஒன்றின் ஈயப்பற்று விரிசல் விட்டால் அதுவும் பாதியாகி 50-க்கு இறங்கும். இந்தப் பழுதுக்குச் சால்டரிங் முனையை ஒருமுறை வைத்தாலே போதும். செலவு சில ரூபாய், விளக்கும் குப்பைக்குப் போகாது.

ஆனால் ரெசிஸ்டர் பழுதாகாத இடத்திலும் இதே மருந்தைக் கொடுப்பதுதான் குறை. அங்கே மங்கலுக்கு முதல் காரணம் லோ வோல்டேஜ். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். நீண்ட ஒயரின் கடைசியில் 180 ஆகக் குறைந்தால் உச்சம் 255-தான். எல்.இ.டி. வரிசைக்கே 240 வோல்ட் தேவைப்படும் காயில் இல்லாத விளக்கில், டிரைவர் சிப்புக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். அந்த நிலையில் ரெசிஸ்டரைக் குறைத்தால், சுமை இறங்கி வோல்டேஜ் திரும்பும்போது அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து எல்.இ.டி. கருகும்.

இரண்டாவது, உலர்ந்துபோன கண்டன்சர். விநாடிக்கு 100 முறை மின்னழுத்தம் பள்ளத்தில் விழும். சராசரியைக் காட்டும் மல்டிமீட்டரில் இந்தத் துடிப்பு தெரியாது, செல்போன் கேமராவில் கோடு கோடாகத் தெரியக்கூடும். மூன்றாவது, வெப்பம். கருகிய 9 வோல்ட் எல்.இ.டி. ஒன்றைக் கம்பியால் இணைத்துத் தாண்டிவிடுவதும் ஒரு வழக்கம். காயில் இல்லாத டிரைவரில், 60 மில்லிஆம்பியர் ஓடும்போது அந்த 9 வோல்ட்டும் சிப்பின் தலையில் விழுந்து 0.54 வாட் கூடுதல் சூடாகும். தகரக் கூரையின் கீழ் கோடையில் சூடேறிய சிப், தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைத் தானே குறைக்கும். இங்கே ரெசிஸ்டரைக் குறைப்பது எரிகிற அடுப்பில் மேலும் விறகு வைப்பதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பல்பின் மேல் படிந்த தூசியையும் ஈ எச்சத்தையும் துடைக்க வேண்டும். பண்ணையில் பாதி மங்கல் அதிலேயே தெளியலாம். பிறகு கொட்டகை விளக்குகள் எல்லாம் எரியும் நேரத்தில் ஹோல்டரில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். அடுத்து கண்டன்சர் முனைகளில் டி.சி. மின்னழுத்தம், அதன்பின் எல்.இ.டி. வரிசையின் மின்னோட்டம். மின்சாரத்தைத் துண்டித்துக் கண்டன்சரை வடித்த பின், கடைசியாக ரெசிஸ்டரின் ஓம் அளவு. பொறித்த மதிப்புகளின்படி வரவேண்டிய மொத்த ஓமுக்கும் அளந்த அளவுக்கும் வேறுபாடு இருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். அதுவும் அதே மதிப்புக்கு.

இத்தகைய மலிவு விளக்குகளில் பெரும்பாலானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது. சர்க்யூட் முழுவதும் மெயின் லைனோடு தொட்டுக்கொண்டிருக்கும். சோதனைக்காக ஒரு பல்பைத் தொடராக இணைக்கும் சீரியல் போர்டு, ஷார்ட் சர்க்யூட்டின் வீச்சைக் குறைக்குமே தவிர ஷாக்கைத் தடுக்காது. ஈரத் தரையுள்ள கொட்டகையில் விளக்கைத் திறந்து அளப்பது உயிருக்கு ஆபத்து. உலர்ந்த மேசைதான் அதற்கு இடம்.