பட்டாம்பூச்சிக்குள் ஓர் ஒட்டகம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேஜையில் ஒரு பழைய புத்தகம் கிடந்தது. அட்டையில் ஒட்டகம். பெர்ல் நிரல்மொழி படிப்பவர்கள் அதை 'ஒட்டகப் புத்தகம்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒட்டகம்தான் பெர்லின் சின்னம் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து டீமில் ஒருத்தன் பெர்ல் 6-இன் சின்னத்தைத் திரையில் போட்டுக் காட்டினான். பட்டாம்பூச்சி. பல நிறச் சிறகு, சிரித்த முகம். "என்னடா இது, எல்கேஜி பையில ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரி இருக்கு?" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

டீமில் இருந்த ஒரே பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ஏன், உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "பிடிக்குதா இல்லையாங்கறது வேற விஷயம். முதல் நாள் நான் பூப்போட்ட சுடிதார்ல வந்தப்பவும் நீங்க எல்லாரும் இப்படித்தான் சிரிச்சீங்க" என்றார்.

அவர் அதைச் சொல்லாவிட்டால் இந்தச் சின்னத்தை நான் இரண்டாவது தடவை பார்த்திருக்கவே மாட்டேன்.

முதலில் ஒட்டகத்தின் கதை. லாரி வால் 1987இல் பெர்லை வெளியிட்டார். 1991இல் ஓ'ரெய்லி பதிப்பகம் அதற்கான புத்தகத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பகத்தின் அட்டைகளில் விலங்குகள் இருப்பது வழக்கம். பெர்லுக்கு ஒட்டகம் வாய்த்தது. பார்க்க அழகில்லை, ஆனால் வறண்ட இடத்திலும் சுமை தூக்கும். பெர்லும் அப்படிப்பட்டதுதான் என்பதால் ஒட்டகம் அப்படியே ஒட்டிக்கொண்டது. சிக்கல் என்னவென்றால், படம் பதிப்பகத்தின் வணிக முத்திரை. நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதி கொடுத்தார்கள், உரிமை மட்டும் அவர்களிடமே இருந்தது. பெர்ல் அறக்கட்டளை தனக்கென்று ஒரு வெங்காயத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் பெர்ல் என்றால் ஆட்களுக்கு ஒட்டகம்தான் ஞாபகம் வருகிறது. ஆயிரக்கணக்கான பேர் தங்களுடையது என்று நினைத்த ஒரு படம் சட்டப்படி அவர்களுடையது இல்லை.

பட்டாம்பூச்சி இந்த இடத்தில்தான் வருகிறது. பெயர் கமீலியா. வரைந்தவர் லாரி வாலே. 2009ஆம் ஆண்டு காப்புரிமை அவர் பெயரில் இருக்கிறது. ஆனால் ஆர்ட்டிஸ்டிக் லைசன்ஸ் 2.0-இன் கீழ் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். தங்கள் சின்னத்துக்கு இனி எந்தப் பதிப்பகத்தின் தயவும் வேண்டாம். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அது யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஏழு வயதுச் சிறுமிகளுக்குப் பிடிக்க வேண்டும், இந்தச் சமூகத்தில் இருக்கும் பெண் வெறுப்பைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டும், இதுதான் வாலின் நோக்கம். இங்கே எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. சிறுமி என்றால் கலர் கலராகப் பட்டாம்பூச்சி என்று முடிவு கட்டியது யார்? சுடிதாரைப் பார்த்துச் சிரித்த எங்கள் தலைக்குள் இருந்ததும் இதே கணக்குதான். அவர் அன்போடு போட்டார், நாங்கள் கேலியோடு போட்டோம், அவ்வளவே. அதோடு, ஒரு சமூகத்தின் நடத்தையைத் திருத்தும் வேலையை ஒரு படத்தின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. அதற்கு விதிகள் வேண்டும், அவற்றை நடைமுறைப்படுத்த ஆட்கள் வேண்டும்.

இருந்தும் கமீலியாவை நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குள் நிறைய இருக்கிறது. நிரலில் வரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்பார்கள். கமீலியா அந்த வார்த்தையை வைத்துப் பண்ணிய ஒரு குறும்பு. ஆங்கிலத்தில் 'பட்டர்ஃப்ளை' என்ற சொல்லில் 'பக்' இல்லை, அதனால் அங்கே யோசித்துத்தான் சிரிக்க வேண்டும். தமிழில் பட்டாம்பூச்சி என்று சொன்னாலே பூச்சி வந்துவிடுகிறது. நமக்கு இது இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

சிறகுகளில் இருக்கும் சுருள் கோடுகளைக் கவனித்துப் பாருங்கள், 'பி6' என்று தெரியும். பெர்ல் 6 என்பதன் சுருக்கம். அந்தப் பெயருக்கு இப்போது ஆளில்லை. 2000இல் அறிவித்த பெர்ல் 6 முழுமையாக வெளிவந்தது 2015 கிறிஸ்துமஸில். அதற்குள் பெர்ல் 5 தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. ஆறு வந்துவிட்டால் ஐந்து பழசு என்றுதானே வெளியாட்கள் நினைப்பார்கள்? ஆனால் இரண்டும் தனித்தனி மொழிகள். அந்தக் குழப்பத்தில் இரண்டு பக்கத்துக்கும் மனவருத்தம். கடைசியில் 2019இல், வாலின் சம்மதத்தோடு, ஆறாவது மொழி தன் பெயரை ராக்கு என்று மாற்றிக்கொண்டது. (ராகு இல்லை, ராக்கு.)

பெயர் போனது, சிறகில் 'பி6' போகவில்லை. லோகோ செய்பவர்களிடம் கேட்டால் இதைத் தப்பு என்பார்கள். பழைய பெயரைச் சுமக்கிற சின்னத்தை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்பார்கள். எனக்கோ இதில் பிடித்ததே அதுதான். பிரிந்து வந்தவர்கள் எங்கிருந்து பிரிந்தோம் என்பதை அழிக்கவில்லை. ராக்கு என்ற பெயரும் ரக்குடோ என்ற கம்பைலரின் பெயரிலிருந்து வந்தது. ரக்குடோ என்பது 'ரக்குடா-தோ'வின் சுருக்கம், ஜப்பானிய மொழியில் 'ஒட்டகத்தின் வழி'. கமீலியா என்ற பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், அங்கேயும் ஆங்கில ஒட்டகம் தலையை நீட்டும். பதிப்பகத்திடம் விட்டுவந்த ஒட்டகத்தை இவர்கள் வார்த்தைக்குள் ஒளித்துக் கூடவே கூட்டிவந்துவிட்டார்கள்.

அழகாக இருக்கிறதா என்றால், இல்லை. இன்றைக்கும் அது கொஞ்சம் எல்கேஜி ஸ்டிக்கர்தான். ஆனால் அன்று அந்தப் படம் ஒரு வேலை செய்தது. சிரித்தது யார், சிரிக்காதது யார் என்று எங்கள் அறைக்குள்ளேயே காட்டிக்கொடுத்தது. நான் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தப் பாக்கியைக் கமீலியாவின் கணக்கில் எழுத முடியாது.