ஒரு சோறு, எத்தனை பானை?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நல்ல புள்ளியியல்தான். ஒரே நிபந்தனை, பானை ஒன்றாக இருக்கவேண்டும். ஓட்டு இயந்திரங்களைச் சோதிப்பது பற்றி 2019-ல் தேர்தல் கமிஷனுக்குத் தரப்பட்ட அறிக்கை இந்த இடத்தில்தான் இடிக்கிறது. எழுதியவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. தலைமை, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அபய் பட். குழுவில் சென்னைக் கணிதக் கழகத்தின் ராஜீவ கரந்திகரும் உண்டு. கூட்டல் கழித்தலில் தப்பு வராது.

இயந்திரம் சொல்லும் ஓட்டுக் கணக்கையும் பக்கத்து விவிபாட் பெட்டியில் விழுந்த காகிதச் சீட்டுகளையும் எத்தனை இயந்திரங்களில் ஒப்பிட்டால் போதும் என்பது கேள்வி. நாடு பூராவும் சுமார் 10.35 லட்சம் இயந்திரங்கள். 479 போதும் என்றார்கள்! நூற்றுக்கு இரண்டு கோளாறாக இருந்தால், 479-ல் ஒன்றுகூட அகப்படாமல் போக பத்தாயிரத்தில் ஒரு சான்ஸ்கூட இல்லை. போட்டுப் பார்த்தேன். சரிதான்.

ஆனால், உங்கள் எம்.எல்.ஏ.வை நாடு முழுவதும் சேர்ந்தா தேர்ந்தெடுக்கிறது?

புதுச்சேரியின் உழவர்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். யூனியன் பிரதேசத்தில் 30 தொகுதிகள், மொத்தச் சாவடிகள் சுமார் ஆயிரம். தொகுதிக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 8, 2019 அன்று சுப்ரீம் கோர்ட் தொகுதிக்கு ஒன்று என்றிருந்ததை ஐந்தாக்கியது. சாவடி எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஐந்து எடுப்பார்கள். எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. இதற்குரிய கணிதத்துக்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்று பயமுறுத்தும் பெயர். விஷயம் எளிது. 30-ல் ஒரே இயந்திரம் கோளாறு என்றால், முதல் சீட்டு நல்லதாக வர 29/30. அடுத்தது 28/29, பிறகு 27/28, 26/27, 25/26. பெருக்குங்கள், மேலும் கீழும் அடிபட்டு மிஞ்சுவது 25/30. ஆறில் ஐந்து தடவை கோளாறு தப்பித்துவிடும்.

ஒரு இயந்திரம்தானே என்காதீர்கள். புதுச்சேரியின் குட்டித் தொகுதிகளில் சில நூறு ஓட்டு ஆளை மாற்றிவிடும். மூன்று கோளாறு என்றாலும் பிடிபட 43 சதவிகிதம்தான். தமிழ்நாட்டில் 300 சாவடித் தொகுதிக்கும் அதே ஐந்துதான். அங்கே நூற்றுக்கு இரண்டு கோளாறு என்றால் பிடிபடும் வாய்ப்பு 10 சதவிகிதத்தைத் தொடவில்லை.

தொகுதிதான் பானை என்று தமிழகத்தின் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் வர்தன் ஷெட்டி இதே பரவலை வைத்து 2018-லேயே எழுதினார். என் கட்சி அவரோடுதான், ஒரு படி கூடுதலாக. உழவர்கரையில் அந்த ஒற்றைக் கோளாறை 95 சதவிகித நிச்சயத்தோடு பிடிக்க 30-ல் 29-ஐ எண்ணவேண்டும்! அதற்கு முழுசாகவே எண்ணிவிடலாம். எல்லா இடத்திலும் தேவையில்லை, வெற்றி வித்தியாசம் சின்னதாக இருக்கும் இடத்தில் போதும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல் வித்தியாசம் குறையக் குறைய மாதிரியைக் கூட்டுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ணக் கேட்ட மனுக்களை நம் சுப்ரீம் கோர்ட் ஏப்ரல் 26, 2024 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் எல்லாமா, ஐந்தா என்ற இரண்டுக்கும் நடுவே நிறைய எண்கள் இருக்கின்றன.

இன்னொன்று. எடுத்த ஐந்தில் ஒன்றில் கணக்கு உதைத்தால் அந்த இயந்திரத்துக்குச் சீட்டுக் கணக்கே செல்லும் என்பது விதி. பிரிக்காத மிச்சம் 25 பெட்டிகள்?